உமி கலந்த கூடு

"உப்பில்லை. பயத்திலை போடாமல் விட்டிருக்கிறாய். நாளைக்குப் பயம் போயிடும், உப்பும் வந்திடும்."

நான் வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டாம் நாள், என் கறியை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் காணி அக்கா சொன்ன முதல் வசனம் இது. அடுப்படியில் என் மாமியார் நிற்கிறா. என் அவர் நிற்கிறார். மாமனார் கோப்பையோடு இருக்கிறார். அத்தனை பேரும் "நல்லாயிருக்கு பிள்ளை, நல்லாயிருக்கு" என்று சொல்லிச் சொல்லி அந்த உப்பில்லாத கறியை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, அந்த அழுகையோடு ஒரு ஆறுதலும் வந்தது. இவ்வளவு பெரிய காட்டுக்குள்ளே, கேட்டால் உள்ளதைச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறா என்ற ஆறுதல்.

ஒட்டுசுட்டானில் பஸ்ஸால் இறங்கி, மாட்டுவண்டியில் உள்ளுக்குப் போகவேண்டிய ஊர் அது. குளத்தைக் கட்டி, காட்டை வெட்டி, யாழ்ப்பாணத்தில் காணி பூமி இல்லாத சனத்துக்கு ஆளுக்கொரு வயலும் மேட்டுக்காணியும் ஒரு சின்ன ஓட்டு வீடும் கொடுத்துக் குடியேற்றிய காலம். அறுபதாம் ஆண்டை அண்டிய வருடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு நிலைகளில் காணி இலக்கத்தைத் தாரால் எழுதிவிட்டிருந்தார்கள். சமைக்கிற குசினியை மட்டும் நாங்களே மண்ணாலும் தென்னோலைக் கிடுகாலும் போட்டுக்கொண்டோம். "இஞ்சை வேலை மூண்டுதான். யானை வந்தால் தகரம் தட்டுறது, பண்டி வந்தால் கத்துறது, மழை வராட்டில் கும்பிடுறது" என்பார் என் மாமனார்.

எங்கள் காணிக்கும் அக்காவின் காணிக்கும் நடுவே ஒரு தடி வேலி. அதில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் நான் போய் வந்த தடவைகளுக்கு, வேலியே வெட்கப்பட்டுச் சாய்ந்துவிட்டது.

ஆள் மெலிவு. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடப்பா, இடுப்பில் குடம் இல்லாதபோதும் இருக்கிற மாதிரி. ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் பார்ப்பா. அதுதான் அவாவின் விசயம். கண் கொஞ்சம் சுருங்கும், தலை ஒரு பக்கம் சரியும். அதற்குப் பிறகு வருகிற சொல்லில் சீனியும் இராது, நஞ்சும் இராது. "எனக்கு இருக்கிறது ரெண்டு கண். மூண்டாவது கண்ணாலை பாத்துச் சொல்லுற ஆக்கள் வேறை இருக்கினம், அவையிட்டைப் போய்க் கேளுங்கோ" என்பது அவாவின் வாய்ப்பாடு.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் புடவை மூட்டை கட்டிக்கொண்டு ஒரு முஸ்லிம் நானா வருவார். அந்த மனிசனுக்குத் தேன் போல வாய். முதல் முறை வந்தபோது ஒரு சிவப்புச் சீத்தைத் துணியை எங்கள் முற்றத்தில் விரித்துப் போட்டு, இந்தச் சாயம் தன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் போகாது என்று சத்தியம் செய்தார். பெண்கள் எல்லாம் சுற்றி நின்றோம். அக்கா குந்தியிருந்து, துணியின் கரையை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தா. "போகும், நானா" என்றா. அவ்வளவுதான். அவர் முகம் அந்தச் சீத்தையை விடச் சிவந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு போனவர் இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று பெண்கள் அவாவைத் திட்டித் தீர்த்தார்கள். வந்தார். அடுத்த முறை நேரே அவாவின் வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்து, "தங்கச்சி, முதல்ல நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க ஒருக்காச் சொல்லிட்டா நான் வீடு வீடாத் தொண்டை கிழியத் தேவையில்ல" என்றார். அதற்குப் பிறகு அந்தக் குடியேற்றத்தில் அவா கை வைத்துப் பார்க்காத துணியை ஒருத்தியும் வாங்கினது இல்லை.

இனிக் குளவிக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டைக் கட்டினால், மனிசர் பால் காய்ச்ச முதலே குளவி குடிபுகுந்துவிடும். யன்னல் நிலையின் மூலை, கண்ணாடிக்குப் பின்பக்கம், கொடியில் கனநாள் கிடந்த சட்டையின் மடிப்பு, அலுமாரிப் பூட்டின் துவாரம் என்று ஒரு இடம் விடாமல் மண்ணைக் கொண்டுவந்து அப்பும். அதை உடைக்கக்கூடாது. குளவி கூடு கட்டின வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருப்பாள் என்பது நம்பிக்கை. உருண்டைக் கூடு என்றால் பெண்பிள்ளை, நீளமாகக் கட்டினால் ஆண்பிள்ளை. புதுப் பெண்சாதி இருக்கிற வீட்டில் மாமிமார் விடிய எழும்பினதும் முதலில் பார்ப்பது நிலை மூலையைத்தான், பிறகுதான் மருமகளின் முகத்தை.

அக்காவின் வீட்டில் கூடு இல்லாத மூலை இல்லை. பிள்ளை இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஒரு பிள்ளை பிறந்தது என்று எழுதப்போகிறேன் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். பிறக்கவில்லை.

என் வயிற்றில் மூத்தவள் தங்கினபோது எங்கள் வீட்டில் மருந்துக்கும் ஒரு கூடு கிடையாது. கிணற்றடியில் ஒருத்தி, அவாவுக்குக் கேட்கட்டும் என்றே, "கூடு அங்கை, வயிறு இஞ்சை" என்றாள். அக்கா வாளியை இழுத்தபடி, "குளவிக்கு இலக்கம் வாசிக்கத் தெரியாது. வீடு மாறிக் கட்டிப்போட்டுது" என்றா. எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு மனம் ஒரு மாதிரியாகப் போய்விட்டது. அவா மட்டும் அதே வேகத்தில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தா.

நம்பிக்கை இல்லை என்றால் ஏன் உடைக்காமல் வைத்திருக்கிறா என்று நான் கேட்டிருக்கிறேன். "பாக்க நல்லாயிருக்கு" என்றா. உண்மையிலும் அதுதான் காரணம். மத்தியானச் சமையல் முடிந்து மற்றப் பெண்கள் பாயை விரிக்கிற நேரத்தில், அவா யன்னலடியில் குந்தியிருந்து குளவி பார்ப்பா. ஒரு நாள் என்னையும் கூப்பிட்டு இருத்தினா. குளவி கிணற்றடியில் வாளித் தண்ணீர் சிந்துகிற இடத்திலிருந்து ஈரமண்ணை உருட்டி, தாடைக்குக் கீழே தாங்கிக்கொண்டு வந்தது. அப்பும்போது ஒரு ரீங்காரம். "பாட்டுப் பாடினால்தான் அதுக்கு வேலை ஓடும், வயலிலை நாத்து நடுகிற பொம்பிளையள் மாதிரி" என்றா. ஒவ்வொரு உருண்டையும் ஒரு வரி. வரி வரியாக வைத்து, கழுத்துக் குறுகின சின்ன முட்டி போல ஒன்றை முடித்தது. பிறகு ஒரு பச்சைப் புழுவைக் கொண்டுவந்தது. புழு துவண்டு கிடந்தது.

"செத்துப்போச்சோ அக்கா?"

"சாகேல்லை, வடிவாப் பார். ஆனா ஓடாது. பிள்ளைக்குச் சாப்பாடெல்லோ, பழுதாகாமல் இருக்கவேணும்."

புழுக்களை அடுக்கி, வாயை மண்ணால் மூடிவிட்டுக் குளவி போய்விட்டது. இனி வராதாம். பிள்ளையின் முகத்தையும் பார்க்காதாம். என் மடியில் மூத்தவள் கிடந்தாள். எனக்கு அது பெரிய கொடுமையாகத் தெரிந்தது. அவாவுக்கு அப்படித் தெரியவில்லை. செய்யவேண்டியதைச் செய்துவைத்துவிட்டுத்தானே போகுது என்றா.

இந்தக் குளவியால் கோயிலிலும் ஒரு கூத்து நடந்தது. அம்மன் கோயில் திருவிழாவில் பிரசங்கம் செய்ய ஒரு பெரியவர் வருவார். குளவி ஒரு புழுவைக் கொண்டுபோய்க் கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டி, அந்தப் புழு குளவியையே நினைத்து நினைத்துக் கடைசியில் தானும் குளவியாகிவிடும், குருவிடம் இருக்கிற சீடனும் அப்படித்தான் என்று உருகிச் சொன்னார். சனம் கண்ணை மூடிக் கேட்டது. முடிந்து அவர் இறங்கி வர, அக்கா போய் முன்னால் நின்றா. "ஐயா, புழு குளவியாகிறேல்லை. விழுந்து உடைஞ்ச கூடொண்டிலை கண்டனான். உள்ளுக்கு ஒரு வெள்ளைக் குஞ்சு இருந்து புழுவைத் தின்னுது" என்றா. பெரியவர் சால்வையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும் பிள்ளை," என்றார். "என்ர சீடப்பிள்ளையளைப் பாக்க எனக்கும் அப்பிடித்தான் தெரியுது." எல்லாரையும் விடக் கூடச் சிரித்தது அக்காதான். அடுத்த வருடமும் அவர் அதே குளவிக் கதையைத்தான் சொன்னார். சொல்லும்போது மட்டும் பெண்கள் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

என் அவர் ஒருமுறை ஓட்டுக்குக் கீழே தொங்கின தட்டுக் குளவிக்கூட்டைக் காணாமல் ஏணியில் ஏறி, முகம் வீங்கி, ஒரு கண் மூடிப்போய் வந்து இருந்தார். அக்கா சுண்ணாம்பு பூசிவிட்டா. வீட்டில் எல்லாரும் குளவியைத் திட்டினோம். "அதிலை பிழையில்லை. என்ர வாசலுக்குள்ளை இப்பிடித் தலையை நீட்டினால் நானும்தான் கொட்டுவன்" என்று சொல்லிக்கொண்டே பூசினா. அவர் மற்றக் கண்ணால் முறைத்தார்.

இதையெல்லாம் படிக்க உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு எப்போதும் சிரிப்பாக இருந்ததில்லை. ஒரு குடும்பம் தங்கள் மகனுக்கு எங்கள் ஊரில் ஒரு பிள்ளையைக் கேட்டு வந்தது. வந்தவர்கள் வழக்கப்படி நாலு இடத்தில் விசாரித்தார்கள். அக்காவிடமும் கேட்டார்கள். நல்ல பிள்ளை, கைச்சுத்தம், வேலைக்குச் சளைக்காதவள் என்று சொல்லிவிட்டு, "வலது காது கொஞ்சம் கேக்காது, இடப்பக்கமா நிண்டு கதையுங்கோ" என்றா. வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள், போனதுதான். பெண்ணின் தாய் வேலியடியில் நின்று மண்ணை அள்ளித் தூற்றித் திட்டினாள். பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளையின் அருமை எப்படித் தெரியும் என்று ஊருக்கே கேட்கச் சொன்னாள். நானும் கொஞ்ச நாள் அந்தப் பொட்டால் போகவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பிறகு ஓமந்தைப் பக்கத்தில் கலியாணம் சரிவந்தது. காதைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் அந்தப் பெடியன் கட்டினான். ஆனாலும் தாய் மன்னிக்கவில்லை. அந்தத் திட்டு விழுந்த அன்று அக்காவின் குசினியில் புகை எழும்பவில்லை. சொன்னதைப் பிழை என்றும் அவா ஒரு நாளும் சொல்லவில்லை.

அவாவின் புருசனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். பெரிய உடம்பு, பெரிய கை, வாய் மட்டும் இல்லை. "இந்த மனிசன் வாய் திறக்கிறது ரெண்டுக்குத்தான், சோத்துக்கும் வெத்திலைக்கும்" என்பா அக்கா. அவர் கையால் கதைக்கிற மனிசர். நெல்லுப் போட்டு வைக்கிற கொம்பறை இருக்கிறதே, தடியால் பின்னி மண் பூசின பெரிய கூடை மாதிரி, அதற்கு மண் பூச ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சேற்றுக்குள் உமியைப் போட்டுக் காலால் மிதித்து, கையால் பிசைந்து, பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பூசுவார். எத்தனை வெயில் எறித்தாலும் வெடிக்காது.

அவரை வளர்த்தது தமக்கை. தாய் செத்தபோது இவர் தவழ்ந்துகொண்டிருந்தாராம். தமக்கையும் அப்போது சின்னப் பெட்டைதான். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்து, தன் சோற்றை ஊட்டி ஆளாக்கினவா. பளையில் கலியாணம் முடித்து இருந்தா. பெரும்போக நெல் அறுத்து முடிய, சாக்கில் தேங்காய் கட்டிக்கொண்டு வருவா. அத்தான் அவாவுக்கு முன்னால் கதிரையில் இருக்கமாட்டார், நிற்பார். மறுசொல் சொல்லமாட்டார். மனிசி கெட்டவா இல்லை. எனக்கும் ஒவ்வொரு முறையும் ரெண்டு தேங்காய் தருவா. ஆனால் அவாவுக்கு ஒரே ஒரு கவலை. "இந்தக் காட்டை வெட்டினது ஆருக்கடா?" என்று கேட்பா. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

தமக்கையின் எண்ணம் இதுதான்: அக்காவை அவாவின் தமையன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தம்பிக்கு வேறு ஒரு பெண்ணைச் செய்துவைப்பது. அந்தக் காலத்தில் பதிவு எழுத்து இல்லாமல் கூறைச் சேலை கொடுத்துச் சேர்த்துவைத்த கலியாணங்கள் இப்படி வாய்ச்சொல்லிலேயே அறுந்தும் போகும். அக்காவுக்குத் தாய் தகப்பன் இல்லை. அனுப்பினால் தமையன் பெண்சாதியின் குசினியில் ஒரு மூலைதான்.

அந்தக் கதை இவ்வளவு காலமும் எடுபடாமல் இருந்ததற்குக் காரணம் குளவி. தமக்கை சகுனம் பார்க்கிற ஆள். புதுக்கூடு இருக்கிற வீட்டில் பிரிவுக் கதை கதைக்கக்கூடாது, அந்த வருடம் பொறுத்துப் பார்க்கவேண்டும் என்பது அவாவின் சட்டம். துவாரம் விழுந்த பழைய கூடு கணக்கில்லை. வந்து கால் கழுவினதும் நிலை மூலைகளை எல்லாம் அண்ணாந்து பார்ப்பா. "இது நீளமாக் கிடக்கு. பொறுத்துப் பாப்பம்" என்பா. வேறு யாருமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு குளவியைக் கும்பிட்டிருப்பார்கள். எங்கள் அக்கா, "போன வருசமும் நீளம்தான் மச்சாள்" என்பா. பக்கத்தில் நிற்கிற நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பேன்.

பிறகு ஒரு வருடம் மாரி பொய்த்தது. மழைக்குக் கும்பிட்டுக் கும்பிட்டு மாமனாரின் கை களைத்துப்போனது. வயல் பால் பிடிக்காமல் கருகியது. குளத்தின் நடுவில் மட்டும் எருமை புரளக் கொஞ்சம் சேறு. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டதால், சிந்தின தண்ணீரையும் துணியால் ஒற்றி எடுக்கிற காலம். கிணற்றடியில் ஈரம் இல்லை. ஈரம் இல்லாமல் குளவி எதைக்கொண்டு கட்டும்? அந்த வருடம் அக்காவின் வீட்டில் ஒரு புதுக்கூடும் இல்லை. பழையது எல்லாம் துவாரம் விழுந்து வெறுமையாகக் கிடந்தது.

மாசி பிறக்க வருகிறேன் என்று பளையிலிருந்து தமக்கையின் செய்தி ஆள் மூலம் வந்தது. தன் புருசனின் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறேன், இந்த முறை முடிவோடுதான் வருவேன் என்றும் சொல்லிவிட்டிருந்தா. அத்தான் அதைக் கேட்டுவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனவர் பொழுதுபடத்தான் வந்தார். அடுத்த நாள் அக்கா தன் தகரப் பெட்டியை முற்றத்தில் வைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தா. ஏன் அக்கா என்று கேட்டேன். கறள் பிடித்துக் கிடக்கு என்றா. அது உண்மைதான், துரு ஏறித்தான் இருந்தது. எனக்கு அதற்குமேல் கேட்கப் பயமாக இருந்தது. அப்போது எனக்கு ரெண்டாவது வயிற்றில், மாதம் கிட்டிவிட்டது.

தமக்கை வர முன்னம், ஒரு காலையில் நெருப்புக்கொள்ளி வாங்கப் போனவள் யன்னல் நிலையில் அதைக் கண்டேன். புதுக்கூடு. நீளக் கூடு. நான் வயிற்றையும் மறந்து ஓடிப்போய், "அக்கா, கட்டிட்டுது" என்று அவாவைக் கையில் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

அவா பார்த்தா. கண் சுருங்கினது, தலை சரிந்தது. கனநேரம் பார்த்தா. விரலைக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டா. "ம்" என்றா. உள்ளுக்குப் போய்விட்டா.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வரி இல்லை. மண்ணுக்குள்ளே பொன் நிறத்தில் இங்கொன்று அங்கொன்றாக உமி மினுங்கியது.

அவாவேதான் செய்துவிட்டா என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவாவில் மதிப்புக் குறையவில்லை. ஒரு வருடம் கிடைக்குமென்றால் நானாக இருந்தால் வீடு முழுக்கக் கூடு கட்டியிருப்பேன். எனக்கு இருந்த கவலை வேறு. இந்த மனிசிக்குப் பொய்யில் பழக்கம் இல்லையே, செய்ததை ஒழுங்காகச் செய்யத் தெரியாமல் உமியையும் போட்டுவிட்டாவே என்றுதான் கவலை.

தமக்கை நல்ல பகலில் வந்து இறங்கினா. நானும் பொட்டால் போய் நின்றேன். ஒரு செம்புத் தண்ணீரில் சிக்கனமாகக் கால் நனைத்துவிட்டு, கதிரையில் இருக்கமுதலே அண்ணாந்து பார்த்தா. யன்னல் நிலையில் கண் நின்றது. "புதுசு" என்றா. அவாவின் முகம் இளகினதை நான் கண்டேன். யாருக்குத்தான் ஒரு வீட்டைப் பிரிக்க ஆசை? அந்த மனிசியும் ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும் என்றுதான் வந்திருக்கிறா. அதோடு விட்டிருக்கலாம். ஆணா பெண்ணா பார்க்கவேண்டுமே. கிட்டப் போனா. நகத்தால் ஒரு துண்டைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தா.

"குளவி எப்ப தொடக்கம் உமி போட்டுக் குழைக்கப் பழகினது?"

முற்றத்தில் அத்தான் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் நின்றது.

தமக்கை அக்காவின் பக்கம் திரும்பினா. குரலை உயர்த்தவில்லை. "நீ பொய் சொல்லமாட்டாய் எண்டு இந்த ஊர் சொல்லுது. எனக்கும் தெரியும். நீயே சொல்லு. இது ஆரின்ர வேலை?"

எனக்கு அந்தக் காது கேட்காத பிள்ளை ஞாபகம் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இந்த ஒருமுறை, இந்த ஒரே ஒருமுறை தெரியாது என்று சொல்லட்டும் என்று அம்மனைக் கும்பிட்டேன். தெரியாது என்று சொன்னால் போதும். குளவிகளிலும் எத்தனையோ சாதி இருக்கும், ஒன்று உமி போடுகிறதாக்கும் என்று நானே சொல்லியிருப்பேன்.

"உங்கட தம்பியின்ர வேலை, மச்சாள்" என்றா அக்கா.

அவா யன்னலடிக்குப் போனா. கூட்டின் தோளில் ஒரு பெருவிரல் பதிந்து காய்ந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவா தன் பெருவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டினா. விரல் உள்ளுக்குள் ஆடியது.

"என்ர விரல் இதிலை பாதியும் வராது. இது குளத்துச் சேறு, கிணத்தடி மண் இல்லை. இந்த வெயிலுக்குள்ளை குளத்துக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். உமி போடாமல் மண் குழைக்க அவருக்குத் தெரியாது." விரலை எடுத்துவிட்டு, "கண்டனான். நான் அவரிட்டைக் கேக்கேல்லை" என்றா.

தமக்கை வாசலுக்கு வந்து தம்பியைப் பார்த்தா. அவர் மண்வெட்டியைக் கையில் பிடித்தபடி எழும்பி நின்றார். வேர்வை வழிந்தது.

"உனக்கு என்ன விசரோடா?"

"ஓம் அக்கா" என்றார் அவர்.

"இவளை விட ஏலாதெண்டால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. நான் என்ன பேயே?"

அவர் மண்வெட்டியை நிலத்தில் சாய்த்து வைத்தார். பிறகு, "உங்களுக்கு முன்னாலை வாய் வரேல்லை" என்றார். நான் அந்த ஊரில் இருந்த காலம் முழுக்க அவர் வாயால் கேட்ட நீளமான வசனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தமக்கை கதிரையைத் தேடவில்லை. வாசல் நிலத்திலேயே இருந்துவிட்டா. உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தா. சிரிக்கிறாவோ அழுகிறாவோ எனக்கு விளங்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, "தூக்கி வளத்த எனக்கு வேண்டாம் எண்டு சொல்லப் பயந்து, குளவியைக்கொண்டெல்லே சொல்லுவிச்சிருக்கிறான்" என்று தனக்குத் தானே ரெண்டு மூன்று தரம் சொன்னா. பிறகு தலையை நிமிர்த்தி அக்காவிடம், "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டா.

"இருக்கு. சீனி இல்லை, பனங்கட்டிதான்."

"அது போதும்."

இரவு மூன்று பேரும் குசினிக்குள் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்களாம். தமக்கைக்கு முன்னால் அத்தான் இருந்து சாப்பிட்டது அன்றுதான் முதல் தரம் என்று அக்கா பிறகு எனக்குச் சொன்னா. தமக்கை ரெண்டு நாள் நின்றா. பார்த்து வைத்த பெண் வீட்டுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினா. என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிறந்ததும் சொல்லி அனுப்பச் சொன்னா. காட்டை ஆருக்கு வெட்டினாய் என்ற கேள்வி அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழும்பவில்லை. அத்தான் மட்டும் ரெண்டு மூன்று நாளாக எங்கள் வேலிப் பக்கம் திரும்பவே இல்லை, வெட்கம். கொம்பறைக்கு மண் பூச ஆள் தேடி வந்த ஒருவரையும் வயல் வேலை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். வயலில் அப்போது ஒரு புல்லும் இல்லை.

வண்டி போன பின்னேரம் அக்காவும் நானும் கிணற்றடியில் நின்றோம். எனக்கு மனம் ஆறவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்ததுதான், ஆனால் முடியாமலும் போயிருக்கலாமே. தமக்கை கோபப்பட்டிருந்தால்? அத்தான் அப்போதும் வாய் திறக்காமல் நின்றிருந்தால்? தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும், அந்த மனிசர் உங்களுக்காகத்தானே அவ்வளவு பாடுபட்டார், அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டீர்களே என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

அவா என்னைத் தலை சரித்துப் பார்த்தா.

"தெரியாது எண்டு சொல்லியிருந்தா, பிறகு அந்த மனிசன் வருசா வருசம் ஒளிச்சு ஒளிச்சு மண் குழைக்கவேணும். நான் வருசா வருசம் காணாத மாதிரி நிக்கவேணும். எங்கள் ரெண்டு பேருக்கும் வேறை வேலை இல்லையே, தங்கச்சி?"